காற்றாலைக்கு நடுவே சோலார்: 2018 கலப்பு மின் கொள்கை என்ன சொல்கிறது?

பெரிய அளவில் மின்சாரம் எடுக்க சோலார் நல்லதா, காற்றாலை நல்லதா? இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கலாமே என்று மத்திய அரசு 2018 மே மாதம் ஒரு கொள்கை கொண்டுவந்தது. தேசிய காற்று–சூரிய கலப்பு மின் கொள்கை என்று பெயர். மொட்டைமாடி சோலாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், இணையும் பெரிய நிலையங்களுக்கானது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் பக்கம் ஆடியில் அம்மியே நகரும். தை, மாசியில் அதே இறக்கைகள் சோம்பலாகச் சுற்றும். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், சீசன் போனதும் உற்பத்தி சட்டென்று விழும். ஆனால் துணை மின்நிலையத்துக்குப் போகும் லைன் ஆடிக் காற்றைக் கணக்கிட்டுப் போட்டது. மற்ற மாதங்களில் அதில் நிறைய இடம் காலி. சோலாருக்கோ மாசி, பங்குனி வெயில்தான் அறுவடை. பொழுது சாய்ந்தால் பூஜ்யம். நிலத்திலும் இதே கதை. ஒரு மெகாவாட் சோலார் நாலைந்து ஏக்கரை மூடிவிடும். காற்றாலைக்கு அடியில் கொஞ்சம் இடம் போதும், ஆனால் ஒன்றின் காற்றை இன்னொன்று மறிக்காதபடி நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளித் தள்ளி நட வேண்டும். அந்த இடைவெளியில் சோலார் வைத்தால் காலி நிலமும் காலி லைனும் பயன்படும்.

சரி, எது கலப்பு நிலையம்? ஒன்றின் திறன் மற்றதில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும். 100 மெகாவாட் காற்றாலையோடு 25 மெகாவாட் சோலார் சேர்த்தால் கணக்கில் வரும். 10 மெகாவாட் பேருக்குச் சேர்த்தால் வராது.

ஏற்கெனவே காற்றாலை வைத்திருப்பவர்களுக்குத்தான் இதில் முக்கிய ஆதாயம். அனுமதித்த லைன் அளவுக்குள்ளேயே மின்சாரத்தை அனுப்பினால், புதிதாகச் சேர்க்கும் சோலாருக்குத் தனி இணைப்புக் கட்டணம் இல்லை. அளவைக் கூட்ட வேண்டுமானால் துணை மின்நிலையத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, விதிப்படி தனியாக அனுமதி வாங்க வேண்டும். மின்சாரத்தைச் சொந்த ஆலைக்கு எடுத்துக்கொள்ளலாம், வேறு நிறுவனத்துக்கோ மின்வாரியத்துக்கோ விற்கலாம். காற்றாலைக்கும் சோலாருக்கும் உள்ள சலுகைகள் கலப்புக்கும் பொருந்தும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஆடி மாத நடுப்பகலில் மேகம் விலகி, காற்றும் வெயிலும் ஒன்றாக உச்சத்துக்கு வந்தால் லைன் தாங்காது. மிஞ்சுவதை நிறுத்திவைக்க வேண்டியதுதான், இல்லையென்றால் சேமிக்க வேண்டும். முதலில் பேட்டரியை மட்டும் சொன்ன கொள்கை, சில மாதங்களிலேயே திருத்தப்பட்டு, நீரேற்று நிலையம் (தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) உட்பட எந்த வகைச் சேமிப்புக்கும் இடம் கொடுத்தது.