கர்தினாலின் சிவப்பு அங்கி காய்ந்த விதம்

சமையலறையில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் பாட்டிலின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வழிந்த எண்ணெய் கோந்து மாதிரி பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். சோப்பு போட்டாலும் லேசில் போகாது. லண்டனின் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ள ஓவியம் ஒன்றில், கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் ஜான் ஹென்றி நியூமனின் சிவப்பு அங்கி 140 வருடங்களுக்கு மேலாக ஓவியத்துணியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே வேதியியலால்தான். 1881-ல், நியூமனுக்கு 80 வயதானபோது, ஜான் எவரெட் மிலே வரைந்த படம் அது.

எண்ணெய் வண்ணம் 'காய்கிறது' என்கிறோம். கொடியில் போட்ட துணி காய்வது வேறு, இது வேறு. துணி தண்ணீரை விட்டு எடை குறையும். வண்ணத்தைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயோ காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளே இழுத்து எடை கூடும். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். அவற்றை ஒட்டி ஆக்சிஜன் நுழைந்ததும், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடும். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு. அதில் நிறத்தைக் குழைத்து வரைந்தால் படம் காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் சில நாளில் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும். உள்ளே வலை முழுக்க இறுக வருடங்கள் ஆகும்.

சிவப்புப் பட்டுத்துணியை வரைய ஓவியர்களிடம் ஒரு பழைய கைப்பழக்கம் உண்டு. முதலில் சாதிலிங்கம் என்ற பாதரசச் சிவப்பு போன்ற கெட்டியான சிவப்பு. அது காய்ந்த பிறகு, எண்ணெய் கூடிய, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மெல்லிய சிவப்பு ஒரு பூச்சு. வெளிச்சம் மேல்பூச்சுக்குள் புகுந்து, அடியில் பட்டு, மறுபடி அதே பூச்சு வழியாகத் திரும்புகிறது. ஒரே வண்ணத்தை இரண்டு முறை கடப்பதால்தான் அந்த ஆழம். ஆனால் மேல்பூச்சு கொச்சினீல் பூச்சிச் சாயமாக இருந்தால் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். மஞ்சிட்டி இன வேரிலிருந்து வரும் அலிசரின் கொஞ்சம் தாங்கும். ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் 1868-ல் அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டார்கள்.

உண்மையான தலைவலி பாதிரியார்களின் கறுப்பு அங்கிதான். அந்த நூற்றாண்டின் பல ஓவியர்களுக்கு நிலக்கீல் மேல் ஒரு மோகம்; சாலை போடும் தாரின் உறவுக்காரன். வெதுவெதுப்பான, ஆழமான பழுப்பைத் தரும். அப்புறம்தான் வினை. அதிலுள்ள சில சேர்மங்கள் எண்ணெயை ஆக்சிஜனோடு சேரவிடாமல் தடுக்கும். காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல மேலே தோல் கட்டும். அடியில் இளகியே கிடக்கும். தோல் சுருங்கச் சுருங்க, முதலைத்தோல் மாதிரி அகல அகலமாகப் பிளக்கும்.

முகத்துக்கு இந்தக் கதி வருவது குறைவு. சதை நிறத்தில் கலக்கும் ஈய வெள்ளை, எண்ணெய் இறுகுவதைத் துரிதப்படுத்தும். அதனால்தான் சில பழைய பாதிரியார் படங்களில் அங்கி பாளம் பாளமாக வெடித்திருக்க, கன்னம் மட்டும் நேற்று பூசியது போல வழவழவென்று இருக்கிறது.