வி.ஏ.ஆர்.: மூன்றாம் நடுவர் அல்ல, காணொளி உதவி நடுவர்

ஆட்டக் காட்சிகளைத் திரையில் பார்த்துக் களத்து நடுவருக்குத் தவறைச் சுட்டும் வி.ஏ.ஆர். முறை இருக்கட்டுமா, ஒழியட்டுமா என்று கால்பந்து ரசிகர்கள் மோதிக்கொள்ளும்போதெல்லாம் தமிழில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: "மூன்றாம் நடுவர் கோலை ரத்து செய்துவிட்டார்." இதில் பிழை ஒன்றல்ல, இரண்டு. கால்பந்தில் மூன்றாம் நடுவர் என்று ஒரு பொறுப்பே கிடையாது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கோலை ரத்து செய்யும் அதிகாரமும் கிடையாது. ஆக, ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஆட்டத்திலேயே இல்லாத ஓர் ஆளைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வி.ஏ.ஆர். என்பது வீடியோ அசிஸ்டன்ட் ரெஃப்ரி என்பதன் சுருக்கம். 'வீடியோ' லத்தீனில் 'காண்கிறேன்' என்று பொருள்படும் வினை. அதற்குக் 'காணொளி' நன்றாகவே பொருந்துகிறது. விழியம், நிகழ்படம் என்ற ஆக்கங்களும் உண்டு, ஆனால் புழக்கத்தில் காணொளி வென்றுவிட்டது. 'நடுவர்' நடு என்பதிலிருந்து வந்தது. திருக்குறளில் 'நடுவு நிலைமை' ஓர் அதிகாரத்தின் பெயர். இலங்கை ஏடுகள் எழுதும் 'மத்தியஸ்தர்' வடசொல், பொருள் அதுவேதான்.

'ரெஃப்ரி'க்குத்தான் கொஞ்சம் வரலாறு தேவை. வழக்கு யாரிடம் கொண்டுபோகப்படுகிறதோ அவர் என்பது அதன் மூலப்பொருள். 19ஆம் நூற்றாண்டுக் கால்பந்தில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் களத்தில் இருந்தார்கள். அவர்களுக்குள் உடன்பாடு வராவிட்டால் மட்டும், வெளியே நின்ற ரெஃப்ரியிடம் கேட்டார்கள். 1891இல் ரெஃப்ரி களத்துக்குள் வந்தார், அம்பயர்கள் கோட்டுக்கு நகர்ந்தார்கள். கொடி பிடிக்கும் அந்தக் கோட்டு நடுவர்களுக்கு 1996இல் 'உதவி நடுவர்' என்று பெயர் மாறியது. அந்த வரிசையில் இன்னொருவர்தான் வி.ஏ.ஆர். கோட்டில் இருப்பவர் கையில் கொடி, இவர் முன்னால் திரை. இருவரும் சொல்வார்கள், முடிவெடுப்பவர் ஊதல் வைத்திருப்பவர்.

'மூன்றாம் நடுவர்' கிரிக்கெட்டிலிருந்து வந்த சொல். 1992இல் டர்பன் டெஸ்டில் டெண்டுல்கருக்கு ரன் அவுட் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து அது நம் காதில் ஊறிவிட்டது. கிரிக்கெட்டில் அந்தக் கணக்கு சரி. களத்தில் இருவர், வெளியே இருப்பவர் மூன்றாமவர். ரன் அவுட்டைக் கேட்டால் தீர்ப்பு அவர் கையில்தான். கால்பந்திலோ களத்தில் நடுவர் ஒருவர், கோடுகளில் உதவி நடுவர்கள் இருவர், பெஞ்சுகளுக்கு அருகே நான்காம் நடுவர். எண்ணிப் பார்த்தால் திரைக்காரர் ஐந்தாமவர். நான்காமவருக்குப் பிறகு வருகிறவரை மூன்றாமவர் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், ஆட்டத்தைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்து எழுதுகிறார்.

எண்ணைக்கூட மன்னிக்கலாம். அந்தச் சொல்லோடு கூடவே கிரிக்கெட்டின் மேல்முறையீட்டு நினைப்பும் வந்துவிடுகிறதே, அதுதான் பெரிய கெடுதல். "கேப்டன் ஏன் ரிவ்யூ கேட்கவில்லை?" என்று கேட்கிறார்கள். வி.ஏ.ஆர். முறையில் எந்த அணியும் ரிவ்யூ கேட்க முடியாது. விரலால் காற்றில் திரை வரைந்து நடுவரை நச்சரிக்கும் வீரருக்கு மஞ்சள் அட்டைதான் கிடைக்கும்.

'காணொளி நடுவர்' என்பது அடுத்த போட்டிச் சொல். தலைப்புக்கு வசதியாகக் குட்டையாக இருக்கிறது. ஆனால் அது வெட்டி எறிந்திருக்கும் 'உதவி'யில்தான் மொத்த அர்த்தமும் இருக்கிறது. 2018இல் ஆட்ட விதிகளில் இந்த முறை சேர்க்கப்பட்டபோது எழுதப்பட்டதைப் பாருங்கள். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது என்ற நான்கில் மட்டுமே திரை தலையிடலாம் என்றது அன்றைய விதி. நடுவர் முதலில் தானே ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், "திரையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட முடியாது. தனி அறையில் திரைக்கு முன்னால் இருக்கும் வி.ஏ.ஆர். காட்சிகளைப் பார்த்துவிட்டு, தவறு கண்ணில் அறைந்தாற்போல் இருந்தால் மட்டும் மறுஆய்வைப் பரிந்துரைப்பார். ஃபவுலின் கடுமை, கையில் பந்து பட்டது குற்றமா என்பது போன்ற மதிப்பீடு சார்ந்தவற்றுக்கு நடுவர் பொதுவாகக் களத்தோரத் திரைக்கு ஓடுவார். ஆஃப்சைடு நிலை (சக வீரர் பந்தை அடிக்கும் கணத்தில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நிற்பது), பந்து கோட்டைத் தாண்டியதா என்பது போன்ற உண்மைச் செய்திகளுக்குக் காதில் கேட்பதே போதும். இரண்டிலும் இறுதி முடிவு களத்து நடுவருடையது. 2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் குரோஷியாவின் பெரிசிச்சின் கையில் பந்து பட்டதற்கு பிரான்சுக்குக் கிடைத்த பெனால்டியும், நடுவர் பிட்டானா திரைக்குப் போய், திரும்பவும் ஒருமுறை பார்த்து, தாமே கொடுத்ததுதான்.

'துணை நடுவர்' என்று எழுதலாமே என்பார்கள். கூடாது. துணை ஆணையர் வேறு, உதவி ஆணையர் வேறு என்பது அலுவலகத் தமிழில் எல்லோருக்கும் தெரியும். துணை என்றால் மேலவர் இல்லாதபோது அவர் இடத்தில் நின்று செய்பவர் என்ற வாடை வரும். இங்கே அப்படி ஒரு நிலை வரவே வராது.

திரை தலையிடுவதற்கு விதி வைக்கும் அளவுகோல் 'க்ளியர் அண்ட் ஆப்வியஸ் எரர்'. அதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் இன்னொரு அட்டூழியம் 'தெளிவான மற்றும் வெளிப்படையான பிழை'. ஆங்கிலத்தில் இரண்டு உரிச்சொல் இருந்தால் தமிழிலும் இரண்டு வைத்து நடுவே 'மற்றும்' என்ற ஆணியை அடித்துவிடுகிறார்கள். நம்மிடம் 'கண்கூடான தவறு' என்று ஒரே சொல்லாட்சி கச்சிதமாக இருக்கிறது. வி.ஏ.ஆர். சண்டையின் பாதி இந்த அளவுகோலைப் பற்றியது என்பதால் இதைச் சரியாகச் சொல்வது முக்கியம். "கண்கூடு என்கிறீர்கள், கால் விரல் நுனிக்கு ஆஃப்சைடு கொடுக்கிறீர்களே?" என்ற கோபத்துக்கு விடை, ஆஃப்சைடு நிலை மதிப்பீடு அல்ல, அளவீடு என்பதே. அந்த அளவீட்டிலும் ஓட்டை உண்டு. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படங்களுக்கு நடுவே, நொடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுப் போன கணம் அந்த இடைவெளியில் விழுந்தால், கோடு எங்கே போடுவது? 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரியை வைத்தது இதற்காகத்தான்.

சொல் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 செப்டம்பர் 30 டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டம் சாட்சி. களத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸின் கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டிருந்தது. கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்ட அறைக்காரர், வீரர் ஆஃப்சைடில் இல்லை என்று கண்டு, "சரிபார்ப்பு முடிந்தது" என்றார். களத்து நடுவருக்கு அது "உங்கள் முடிவு சரி" என்று கேட்டது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது, தொடங்கிய பின் விதிப்படி திரும்பிப் போக வழியில்லை. லிவர்பூல் 2–1 எனத் தோற்றது. "கோல் செல்லும்" என்று முடிவைப் பெயர் சொல்லிச் சொல்லியிருந்தால் அந்தக் கோல் நின்றிருக்கும். தமிழிலும் சரிபார்ப்பு வேறு, மறுஆய்வு வேறு. முன்னது அறைக்குள் ஓசையில்லாமல் எப்போதும் நடப்பது. பின்னது நடுவர் கையால் சதுரம் வரைந்த பிறகு நடப்பது. இரண்டையும் 'ரிவ்யூ' என்றே எழுதுவதை நிறுத்த வேண்டும்.

ஒழிக்கக் கோருபவர்களுக்கும் இந்தத் துல்லியம் உதவும். 2024இல் வுல்வ்ஸ் கிளப் கொண்டுவந்த நீக்கத் தீர்மானம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 19–1 எனத் தோற்றது. நார்வேயில் 2025 ஜனவரியில் கிளப்புகளின் பெரும்பான்மை வேண்டாம் என்றது, மார்ச்சில் கால்பந்துச் சங்கத்தின் பொதுக்கூட்டம் அது இருக்கட்டும் என்று முடிவெடுத்தது. சுவீடனின் மேல்நிலை லீக் ரசிகர்களின் எதிர்ப்பால் அதை ஏற்கவே இல்லை. இவர்கள் எதிர்த்தது காத்திருப்பையும், கோலுக்குக் குதிக்க முடியாத தயக்கத்தையும். கோல்கோட்டுத் தொழில்நுட்பம் தனி ஏற்பாடு. அது நடுவரின் கைக்கடிகாரத்துக்கு ஒரு நொடிக்குள் சேதி அனுப்பிவிடும், வி.ஏ.ஆர். போனாலும் அது இருக்கலாம். 'வீடியோவை ஒழி' என்று மொத்தமாக எழுதினால் இதுவும் அதில் அடிபடும்.

2024 முதல் ஃபிஃபா சோதித்துவரும் சிக்கன முறையில் அறையும் இல்லை, திரைக்காரரும் இல்லை. பயிற்சியாளர் கேட்பார், நடுவர் தானே போய்த் திரையைப் பார்ப்பார். அங்கே உதவி நடுவர் யாரும் இல்லாததால் வி.ஏ.ஆர். என்ற பெயர் அதற்குச் செல்லாது. 'காணொளி முறையீடு' என்று எழுதுங்கள். கிரிக்கெட்டிலிருந்து நாம் தூக்கிவந்த மேல்முறையீட்டு நினைப்புக்குக் கால்பந்தில் இடம் இருப்பது அங்கே மட்டும்தான்.