போல்ட் பொருந்தினால் போதுமா? டிரக்குக்குப் பெரிய டர்போ தேர்ந்தெடுப்பதன் அறிவியல்

கழற்றிய பழைய டர்போசார்ஜரையும், அதன் இடத்தில் பூட்டுவதற்காக வாங்கிய பெரிய டர்போவையும் மேசை மேல் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் பார்வையில் எந்த வேறுபாடும் தெரியாது. எக்ஸாஸ்ட் குழாயோடு இணையும் முகப்பு ஒன்றேதான்; போல்ட் துளைகள் இம்மி பிசகாமல் அதே இடத்தில் இருக்கும்; ஆயில் வரும் துளையும் வடியும் துளையும் அப்படியே. 'போல்ட்-ஆன்' என்று சொல்லி விற்பதன் பொருளே அதுதான்: வெட்டவும் வேண்டாம், வெல்டிங் வைக்கவும் வேண்டாம், பழையதைக் கழற்றிய ஸ்பேனராலேயே புதியதை முடுக்கிவிடலாம். காற்று நுழையும் வாய்க்குள் எட்டிப் பார்க்கும்போதுதான் கம்ப்ரசர் சக்கரம் பெருத்திருப்பது கண்ணில் படும். பழையதன் நுழைவு விட்டம் 60 மில்லிமீட்டர் என்றால் புதியதில் 66 இருக்கலாம். கூடியிருப்பது ஆறு மில்லிமீட்டர், ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. அந்த ஆறு மில்லிமீட்டர் எதைக் கொடுக்கிறது, பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். ஏனென்றால் போல்ட் பொருந்துவது வேறு, எஞ்சினுக்குப் பொருந்துவது வேறு.

டர்போ தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதலான டீசலைப் புகையின்றி எரிக்க முடியும், சக்தி அந்த டீசலிலிருந்துதான் வருகிறது. ஆகவே பெரிய டர்போவை மட்டும் பூட்டிவிட்டு, எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் இன்ஜெக்டரையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் தொடாமல் விட்டால், வண்டி வேகமாவதற்குப் பதில் மந்தமாகக்கூடும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூகி இந்த ஏற்பாட்டுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

தேர்வு தொடங்க வேண்டிய இடம் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் குதிரைத்திறன் எண் இல்லை. நம் எஞ்சின் ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றை விழுங்கும் என்ற கணக்கு. பிக்கப் டிரக்குகளில் காணப்படும் 6.6 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும் என்பதால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது 9,900 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். வால்வுகளும் குழாய்களும் தடுப்பதைக் கழித்து 90 விழுக்காடு உள்ளே போகிறது என்று கொண்டால் ஏறத்தாழ 8,900 லிட்டர். இந்தக் காற்றை வெளியழுத்தத்தைப் போல மூன்று மடங்காக அமுக்கி, அமுக்கியதால் ஏறிய சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலரில் 60 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து அனுப்பினால், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 3.2 கிலோவுக்குச் சற்றே குறைவாக இருக்கும். ஆக, நிமிடத்துக்கு 28 கிலோ காற்று. டர்போ விற்பனையில் இன்னும் பவுண்டுக் கணக்கே வழங்குவதால் அதை 62 பவுண்டு என்று குறித்துக்கொள்ளலாம். 20 பங்கு காற்றுக்கு 1 பங்கு டீசல் என்ற அளவில் எரித்தால் இது சுமார் 500 குதிரைத்திறனுக்கான காற்று. 14.5 பங்கு இருந்தாலே டீசல் முழுதும் எரிய வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் சீராகக் கலக்க நேரம் கிடைப்பதில்லை என்பதால், 18-க்குக் கீழே இறங்கும்போதே கரும்புகை தலைகாட்டத் தொடங்கிவிடும்.

அடுத்தது அழுத்த விகிதம். இங்கேதான் பூஸ்ட் மீட்டர், அதாவது டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர், பலரை ஏமாற்றுகிறது. மீட்டர் 2 பார் (அழுத்தத்தின் அலகு) என்று காட்டுவது வெளியழுத்தத்துக்கு மேல் உள்ள அழுத்தத்தை. கம்ப்ரசர் செய்கிற வேலையோ, தன் வாயிலில் இருக்கும் அழுத்தத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பதைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் வெளியழுத்தம் 1 பார். ஏர் ஃபில்டர் 0.05 பார் தின்கிறது; இன்டர்கூலர் 0.1 பார் தின்கிறது. அப்படியானால் 0.95 பாரை 3.1 பாராக உயர்த்த வேண்டும், விகிதம் 3.26. அதே டிரக்கை 2,500 மீட்டர் உயர மலைப்பாதைக்கு ஓட்டிப்போனால் வெளியழுத்தம் 0.75 பாராகக் குறைந்துவிடும். மீட்டரில் அதே 2 பார் தெரிந்தாலும் இப்போது 0.70 பார் 2.85 பாராக மாற வேண்டியிருக்கும், விகிதம் 4.07. முள் அசையவில்லை, ஆனால் சக்கரம் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்றுகொண்டிருக்கும். உயரத்தில் மெலியும் காற்றை ஈடுகட்டத்தான் டர்போவே ஒரு காலத்தில் மலையேறியது: 1918-இல் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, அமெரிக்காவின் கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார்.

காற்றின் அளவும் அழுத்த விகிதமும் கையில் இருந்தால், கம்ப்ரசர் வரைபடத்தைப் படிக்கலாம். கிடை அச்சில் காற்றோட்டம், நிலை அச்சில் அழுத்த விகிதம், நடுவே தீவுகளைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். நடு வளையத்தில் செயல்திறன் மிகுதி. வெளியே போகப் போகக் குறையும். இந்தச் செயல்திறன் வெறும் ஏட்டு எண் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு: 25 டிகிரிக் காற்றை மூன்று மடங்காக அமுக்கும்போது, 75 விழுக்காடு செயல்திறன் உள்ள இடத்தில் வேலை செய்தால் காற்று 172 டிகிரியில் வெளியேறும்; 65 விழுக்காடு உள்ள இடத்தில் என்றால் 194 டிகிரி. அந்த 22 டிகிரி வெப்பத்தையும் இன்டர்கூலர் சுமக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, நிமிடத்துக்கு 28 கிலோ காற்றை அமுக்க முதல் நிலையில் 70 கிலோவாட் தேவை, இரண்டாவதில் 80. ஒரு சிறிய காரின் எஞ்சின் முழுமூச்சாகத் தருகிற திறனை, உள்ளங்கையில் அடங்கும் சக்கரம் ஒன்று காற்றை அமுக்குவதற்காக மட்டுமே செலவிடுகிறது. அவ்வளவையும் புகையிலிருந்து டர்பைன்தான் பிடுங்கித் தர வேண்டும்.

வரைபடத்தின் இடது விளிம்பில் இருப்பது சர்ஜ் கோடு. பெரிய கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியதும், தவறாமல் பார்க்காமல் விடுவதும் அதையே. காற்றோட்டம் குறைவாகவும் அழுத்தம் மிகுதியாகவும் இருந்தால், அமுக்கிய காற்று சக்கரத்தின் இதழ்களை விட்டுப் பிரிந்து, வந்த வழியே திரும்ப முட்டும், மறுகணம் மீண்டும் முன்னே போகும், மீண்டும் திரும்பும். ஓட்டுநரின் காதுக்கு அது புறா குனுகுவதைப் போன்ற படபடப்பாகக் கேட்கும். அந்த ஒலியைப் பெருமையாகக் காணொளி எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு படபடப்பும் தண்டை முன்னும் பின்னும் இடித்து, தண்டு முன்பின் நகராமல் தாங்கும் உந்து பேரிங்கைத் தேய்க்கிறது என்பதுதான் உண்மை. நம் 6.6 லிட்டர் எஞ்சின் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு 1600 சுற்றில் மேடேறும்போது மூன்று மடங்கு அழுத்தம் கேட்டால், நிமிடத்துக்கு 15 கிலோ காற்றுதான் ஓடும். 40 கிலோ வரை தரவல்ல பெரிய கம்ப்ரசரின் வரைபடத்தில் அந்தப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடப்புறம் விழக்கூடும். 3000 சுற்றில் பிரமாதமாகத் தோன்றும் அதே டர்போ, சுமை இழுக்கும் வேகத்தில் தன்னைத்தானே இடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு புள்ளியை வைத்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது. வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் சுற்று வேகங்கள் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். வலது விளிம்பான சோக் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: அதைத் தாண்டினால் சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. விளம்பரங்கள் கம்ப்ரசரைப் பேசும் அளவுக்கு டர்பைனைப் பேசுவதில்லை. ஆனால் டர்போவின் குணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டர்பைன் பக்கமே. நத்தை ஓட்டைப் போன்ற டர்பைன் உறையில் 'ஏ/ஆர்' என்று ஓர் எண் பொறித்திருக்கும். புகை செல்லும் வழியின் குறுக்குப் பரப்பை, அந்தப் பரப்பின் மையம் தண்டிலிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. எண் சிறிதானால் புகை குறுகிய வழியில் சீறிப் பாய்ந்து சக்கரத்தைச் சீக்கிரம் சுழற்றும், உச்ச வேகத்தில் மூச்சுத் திணறும். எண் பெரிதானால் மேலே தாராளமாக ஓடும், கீழே சோம்பும். திணறலை அளக்க எளிய வழி, டர்பைனுக்கு முன்னால் உள்ள புகையின் அழுத்தத்தைப் பூஸ்ட் அழுத்தத்தோடு ஒப்பிடுவது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நல்ல பொருத்தம். புகை அழுத்தம் இரண்டு மடங்கை நெருங்கினால், எஞ்சின் தன் சக்தியில் கணிசமான பங்கைப் புகையை வெளியே தள்ளுவதிலேயே வீணடிக்கிறது என்று பொருள். பழைய டர்பைனை அப்படியே வைத்துக்கொண்டு கம்ப்ரசர் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கிய மலிவான டர்போக்களில் இந்தக் கோளாறு அடிக்கடி நேர்கிறது.

இதற்கு ஓர் அழகான தீர்வு, டர்பைனைச் சுற்றி வட்டமாக அமைந்து அசைந்து கொடுக்கும் சிறு தகடுகள். குறைந்த வேகத்தில் தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்கும். வேகம் கூடும்போது விலகி வழிவிடும். நவீன டீசல் டிரக்குகள் பெரும்பாலும் இத்தகைய டர்போவோடுதான் வருகின்றன. அதை மாற்றும்போது அதே தகடு ஏற்பாட்டையும் தகடுகளை அசைக்கும் அதே இயக்கியையும் உடைய பெரிய டர்போவை வாங்குவதே, தினமும் ஓட்டுகிற வண்டிக்கு உகந்தது என்பது என் கணிப்பு. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: எந்தத் தகடு நிலைக்கு எவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்ற பட்டியல் எஞ்சின் கணினியில் பழைய டர்போவுக்காக எழுதப்பட்டது. அதைப் புதியதற்கு ஏற்பத் திருத்தி எழுதாவிட்டால் பூஸ்ட் ஏறி இறங்கி அலைபாயும். புகைச் சுத்திகரிப்புச் சாதனங்களைக் கழற்றிவிட்டுப் பூட்டச் சொல்லும் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் அது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

மீண்டும் அந்த ஆறு மில்லிமீட்டருக்கு வருவோம். 60 மில்லிமீட்டர் 66 ஆனது 10 விழுக்காடு. காற்று நுழையும் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் 21 விழுக்காடு கூடுகிறது, அது வரவு. சக்கரம் முழுவதும் அதே விகிதத்தில் பெருத்திருந்தால், சுழற்சியை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் மடியைப் பொறுத்துக் கூடும். அது 61 விழுக்காடு. அது செலவு. ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கும் வண்டி கிளம்புவதற்கும் இடையே நீளும் அந்தக் காத்திருப்பின் மூலக்காரணம் இதுதான். டர்பைன் சக்கரம் வெப்பம் தாங்கும் நிக்கல் கலவையால் ஆனது. அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி. எனவே அந்தப் பக்கம் பெருத்தால் சோம்பல் இன்னும் கூடும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று சொல்வதை இயற்பியல் இங்கே ஐந்தாம் மடியில் எழுதி வைத்திருக்கிறது. முழு அலுமினியக் கட்டியில் கடைந்தெடுத்த சக்கரம் என்ற விளம்பரத்துக்கும் இதே அளவுகோல் போதும்: அது உறுதியானது, இதழ்களை மெல்லியதாகச் சீவ முடிகிறது என்பது உண்மை, ஆனால் காற்றைத் தீர்மானிப்பது இதழின் வடிவம், செய்முறை இல்லை. அந்த உறுதிக்குத் தேவை இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. வெளிவிட்டம் 88 மில்லிமீட்டர் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,10,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் பறக்கிறது. ஒலியின் வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

பூட்டும் வேலை எளிது என்றாலும், புது டர்போக்கள் சாவது பெரும்பாலும் ஆயிலில்தான். தண்டு உலோகத்தின் மேல் ஓடுவதில்லை, முடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பூட்டும் முன் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம்: பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு, ஆயில் வந்ததும் அந்த இடைவெளி நிரம்பிவிடும், முன்னும் பின்னுமாக அசைவது கைக்குத் தட்டுப்படவே கூடாது. ஆயில் வடியும் குழாய் மடங்காமல், கேஸ்கெட் துளையை மறைக்காமல், நேராகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். வடிய வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டிக் கசிந்து, இன்டர்கூலரையும் எக்ஸாஸ்டையும் நனைக்கும், பிறகு டர்போ பழுது என்று பழி விழும். முதல்முறை கிளப்புவதற்கு முன், ஆயில் நுழையும் துளையில் சில துளிகள் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, எரிபொருளைத் துண்டித்த நிலையில் ஸ்டார்ட்டரை மட்டும் சில நொடிகள் ஓட்டி, மீட்டரில் ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே எஞ்சினை எழுப்ப வேண்டும்.