டாரிஃப்: வரியா, தீர்வையா, காப்பு வரியா?

2025இல் அமெரிக்கா போட்ட டாரிஃபை, அதாவது இறக்குமதிச் சரக்குக்கு விதிக்கும் தீர்வையை, ‘இந்தியா மீது 50% வரி’ என்று தலைப்புப் போட்டபோது, அந்தப் பணத்தை இந்தியா கட்டுகிறது என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். திருப்பூர் பனியன் பெட்டிகள் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது, சரக்கை எடுக்கிற நிறுவனம் அமெரிக்க அரசுக்குச் செலுத்துகிறது. அப்புறம் அந்தச் சுமையைக் கடையில் வாங்குபவர் தலையில் ஏற்றுவதா, திருப்பூர்க்காரரை விலை குறைக்கச் சொல்வதா என்பது அவர்களுக்குள் நடக்கும் பேரம். வெறும் ‘வரி’ என்ற சொல்லில் இது எதுவும் தெரியாது.

டாரிஃப் அரபு வழி வந்த சொல். ‘தஃரீஃப்’ என்றால் தெரியப்படுத்துதல். கடல் வணிகத்தோடு இத்தாலிக்குப் போய், இன்ன சரக்குக்கு இவ்வளவு என்கிற பட்டியலைக் குறித்தது; 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் ஏறியது. ஸ்பெயினின் தென்முனையில் உள்ள தரிஃபா ஊரில் கொள்ளையர் கப்பம் வாங்கியதால் வந்த பெயர் என்பது வெறும் கதை. லாட்ஜ் டாரிஃப், மின் டாரிஃப் என்னும்போது அந்தப் பழைய பட்டியல் பொருள்தான் நிற்கிறது. அங்கே ‘கட்டணம்’ போதும்.

துறைமுகத்தில் வாங்கும் பணத்துக்குத் தமிழில் மிகப் பழைய சொல் உண்டு: உல்கு. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று அரசன் வருவாயில் அதைச் சேர்க்கிறது குறள் (756). காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அலுவலர்கள் சரக்கு மூட்டைகளில் சோழரின் புலி முத்திரை இடுவதைப் பட்டினப்பாலை அருகில் நின்று பார்த்ததுபோலச் சொல்கிறது. பிறகு ‘சுங்கம்’ வழக்கில் நிலைத்தது. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ ஆனான். இன்று சுங்கம் என்றால் நெடுஞ்சாலைச் சாவடியும் நினைவுக்கு வருவதால், ‘இறக்குமதித் தீர்வை’ என்பதே குழப்பமில்லாதது.

சரி, நாளிதழ்களும் பாடநூல்களும் எழுதும் ‘காப்பு வரி’? உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடும் தீர்வைக்கு மட்டும் அது பொருந்தும். டிரம்ப் முன்மாதிரியாகக் காட்டும் முன்னாள் அமெரிக்க அதிபர் வில்லியம் மெக்கின்லியின் கதையைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். 2025 ஜனவரி 20 பதவியேற்பு உரையில் டிரம்ப் அவரைப் புகழ்ந்தார். அன்றே அலாஸ்காவின் தெனாலி மலைக்கு மறுபடி மெக்கின்லி பெயரைச் சூட்ட உத்தரவிட்டார்.

மெக்கின்லி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்து கொண்டுவந்த 1890 சட்டம், சராசரித் தீர்வையை 50 சதவீதத்தை ஒட்டி உயர்த்தியது. தகரத் தகட்டை அமெரிக்கா அதுவரை பெரும்பாலும் வேல்ஸிலிருந்து வாங்கிவந்தது. அதன் தீர்வை ராத்தலுக்கு 1 சென்டிலிருந்து 2.2 சென்ட் ஆனது. அமெரிக்காவில் புது ஆலைகள் எழுந்தன, வேல்ஸில் பல ஆலைகள் மூடின. அசல் காப்பு வரி இதுதான்.

அதே சட்டம் கச்சாச் சர்க்கரைக்குத் தீர்வையை நீக்கி, உள்நாட்டுச் சர்க்கரை உற்பத்தியாளருக்கு மானியம் கொடுத்தது. அதுவரை தீர்வையில்லாமல் விற்றுவந்த, அப்போது தனி நாடாக இருந்த ஹவாயின் கரும்புத் தோட்ட முதலாளிகளின் சலுகை மதிப்பிழந்தது. 1893இல் ஹவாய் ராணி லிலியுவோகலானியை அவர்கள் தரப்பு கவிழ்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1898இல், மெக்கின்லி அதிபராக இருந்தபோது, ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. தீர்வைப் பட்டியலில் செய்த ஒரு மாற்றம் ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்ற உதவியிருக்கிறது.

அந்த 1890 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. சர்க்கரை, காப்பி, தேயிலை, தோல் அனுப்பும் நாடு அமெரிக்கச் சரக்குக்கு நியாயமற்ற தீர்வை போட்டால், அதிபர் அறிவிப்பு ஒன்றாலேயே அவற்றுக்குத் தீர்வை விதிக்கலாம். காப்பியும் தேயிலையும் அமெரிக்கா பெரிதாக விளைவிப்பவை அல்ல. காக்க அங்கே தொழிலே இல்லை. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்குக் கூடுதலாகப் போட்ட 25 சதவீதமும் இந்த வகைதான். அதைக் ‘காப்பு வரி’ என்று எழுதுவது தவறு. அடுத்த நாட்டை நெருக்கிப் பணியவைக்கப் போடுவதால் ‘நெருக்கடித் தீர்வை’ எனலாம்.

‘பரஸ்பர வரி’யையும் கவனிக்க வேண்டும். 1901 செப்டம்பர் 5 அன்று பஃபலோவில் பேசிய மெக்கின்லி, இரு நாடுகளும் தீர்வையைக் குறைத்துக்கொள்ளும் பரஸ்பர ஒப்பந்தங்களை ஆதரித்தார். மறுநாள் சுடப்பட்டு, 14ஆம் தேதி இறந்தார். அவர் சொன்ன பரஸ்பரம் விட்டுக்கொடுத்தல். 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் ‘பரஸ்பர வரி’ என்று அறிவித்ததற்கு ‘பதிலடித் தீர்வை’ என்பதே சரியான தமிழ்.