உண்மை நேரமாம்! அப்படியென்றால் பொய் நேரம் எது?

ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்தும் என் பெரியப்பா சென்ற மாதம் ஒரு விளம்பரக் கையேட்டை என் முன் போட்டார். மென்பொருள் விற்கும் ஏதோ ஒரு நிறுவனம் தமிழில் அச்சிட்டது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'உண்மை நேர வணிகப் பகுப்பாய்வுத் தரவுத்தளம்'. "ஏன் கண்ணு, இது உண்மை நேரம் என்றால், இத்தனை வருடமாக நான் பேரேட்டில் பார்த்ததெல்லாம் பொய் நேரமா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. புரியாமல்தான் கேட்டார். இதே 'உண்மை நேர'த்தை இந்த ஆண்டில் எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேன் என்ற கணக்கு எனக்கே தப்பிவிட்டது.

'உண்மை நேரம்' என்பது 'ரியல் டைம்' என்ற ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. அதில் உள்ள 'ரியல்', பொருள் அல்லது வஸ்து என்று அர்த்தப்படும் 'ரெஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணினிக்குள் இந்தத் தொடர் நுழைந்தது 1950களில். அதுவரை துளையிட்ட அட்டைகளை அடுக்காகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பதே வழக்கம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'வேர்ல்விண்ட்' கணினி அந்த வழக்கத்தை மாற்றியது. ரேடார் அனுப்பும் செய்தியை, விமானம் வானில் பறந்துகொண்டிருக்கும்போதே அது கணக்கிட்டது. ஆக இங்கே 'ரியல்' என்பது கணினிக்கு வெளியே, சுவரில் ஓடுகிற கடிகாரத்தைக் குறிக்கிறது. அரிச்சந்திரனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

'உண்மை நேர'த்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மை என்பது உள் + மை. உள்ளதன் தன்மை, அதாவது இருத்தல். பழைய உரைகளில் 'உண்மை'க்கு எதிர்ச்சொல்லாக 'இன்மை' நிற்பதைக் காணலாம். அங்கே பொய்க்கு வேலையில்லை. இலத்தீன் 'ரெஸ்' சொல்வதைத்தானே 'உண்மை'யும் சொல்கிறது என்று ஒரு நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். வேர் வரை அவர் சொல்வது சரி. ஆனால் கையேட்டைப் படிப்பவர் உரையாசிரியர் அல்லர், ஜவுளிக்கடைக்காரர். இன்று 'உண்மை' என்றதும் அவர் மனத்தில் எதிரே வந்து நிற்பது பொய் ஒன்றுதான். வேரைக் காட்டி விளக்கினால்தான் விளங்கும் என்றால், ஒவ்வொரு கையேட்டோடும் ஒரு தமிழாசிரியரையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும்.

தூய தமிழில் செய்கிறேன் என்று சிலர் 'மெய்நேரம்' என்கிறார்கள். இது இன்னும் மோசம். 'மெய்நிகர்' (ஆங்கிலத்தில் 'விர்ச்சுவல்') என்ற சொல்லை, இல்லாததை இருப்பதுபோல் காட்டும் கணினி உலகத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஒரே பக்கத்தில் 'மெய்நிகர் சேவையகத்தில் மெய்நேரத் தரவு' என்று வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? ஒரு மெய் போலி, இன்னொரு மெய் அவசரம்! 'நிஜ நேரம்' என்பது 'உண்மை நேர'த்துக்கே வடமொழிச் சட்டை போட்டுவிட்டது. குறை அப்படியே இருக்கிறது.

'நிகழ்நேரம்' பற்றி நான் மரியாதையோடு பேசுவேன். அழகான வினைத்தொகை. நிகழ்ந்த, நிகழ்கிற, நிகழும் நேரம் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். வாகனத்தின் காற்றுப்பையை விரிக்கும் கருவி போல, குறித்த கெடுவுக்குள் வேலையை முடித்தே தீர வேண்டிய பொறிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அங்கே முக்கியம் கெடு. வேகம் அதற்கு அடுத்தபடிதான். பத்தாண்டுகளாக நானே இதை எழுதி வந்திருக்கிறேன்.

சிக்கல் வணிகப் பகுப்பாய்வுக்குள் வரும்போது எழுகிறது. பெரியப்பாவின் பவானிக் கிளையில் இரவு 7:40க்கு ஒரு பில் போடுகிறார்கள் என்று வையுங்கள். இணையம் அறுந்துபோய், அந்த பில் 9:10க்குத்தான் ஈரோட்டுக் கணினிக்கு வந்து சேர்கிறது. அது எந்த மணிநேரத்து விற்பனை? தரவோடை, அதாவது இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும் தரவு பற்றி எழுதுபவர்கள் இதற்காகவே இரண்டு நேரங்களைப் பிரிக்கிறார்கள். சம்பவம் நடந்த நேரம் ஒன்று, அதைக் கணினி கையாண்ட நேரம் இன்னொன்று. முதலாவதைத் தமிழில் 'நிகழ்வு நேரம்' என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது? 'நிகழ்நேர'மும் 'நிகழ்வு நேர'மும் ஒரே வாக்கியத்தில் மோதும்போது, இடையில் ஒரு 'வு' மட்டும் வேலிபோல் நிற்கிறது. அச்சுக்கோப்பவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் வேலியும் போய்விடும்.

இத்தனைக்கும் நம்மிடம் 'உடனுக்குடன்' என்ற சொல் சும்மா கிடக்கிறது. 'செய்திகளை உடனுக்குடன் அறிய' என்று நாளிதழ்கள் போடுகின்றன. யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. 'உடன்' என்பதற்குச் சேர்ந்து என்றும் பொருள், தாமதமின்றி என்றும் பொருள். மூன்றாம் வேற்றுமைக்கு 'உடனிகழ்ச்சி' என்று இலக்கணம் ஒரு பொருளைச் சொல்லும். ஆசிரியரோடு மாணவன் வந்தான் என்றால் இரண்டு வருகையும் சேர்ந்தே நடக்கின்றன. விற்பனையோடு அதன் கணக்கும் சேர்ந்து நடப்பதைத்தானே நாம் கேட்கிறோம்? 'உடனுக்குடன்' வினையடை, அது கலைச்சொல் ஆகாது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் 'உடனடிப் பகுப்பாய்வு' என்று எழுதிக்கொள்ளட்டும். உடனடி என்றால் காபித்தூள் நினைவு வருகிறதாம். வரட்டுமே, பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

வங்கிக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும். நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பினால் அரைமணிக்கு ஒன்றாக, நாளைக்கு 48 தொகுதிகளாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஆர்டிஜிஎஸ்ஸில் ('ரியல் டைம் கிராஸ் செட்டில்மெண்ட்' என்பதன் சுருக்கம்) ஒவ்வொரு பரிமாற்றமும் வந்தவுடன் தனித்தனியாகத் தீர்கிறது. இந்த 'தனித்தனி'யைத்தான் ஆங்கிலத்தில் 'கிராஸ்' என்கிறார்கள். வரவையும் பற்றையும் ஒன்றோடொன்று கழித்து மிச்சத்தை மட்டும் கொடுக்காமல், ஒவ்வொன்றையும் முழுதாகத் தீர்ப்பது. அதை 'மொத்தத் தீர்வு' என்று மொழிபெயர்த்துப் படிவங்களில் போடுகிறார்கள். மொத்தம் என்றால் தமிழில் கூட்டிச் சேர்த்தது அல்லவா? சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! சம்பளச் சீட்டில் 'கிராஸ்' மொத்தம் என்பதால் இங்கேயும் மொத்தம். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். வாக்கியத்துக்குள் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க யாருக்கும் பொழுதில்லை.

இது வெறும் சொற்சண்டை என்று ஒதுக்குகிறவர்கள் பெரியப்பா அந்தக் கையேட்டைப் பார்த்து என்ன வாங்கவிருந்தார் என்று கேட்கட்டும். 'உண்மை நேரம்' என்றால் உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்கள். 'உடனுக்குடன்' என்றால் 'எத்தனை விநாடியில்?' என்ற கேள்வி தானாக வாயில் வரும். தரவுத்தளம் தேர்வதில் கேட்க வேண்டியதே அதுதான். பில் போட்டதிலிருந்து அது கணக்கில் தெரிய எவ்வளவு நேரம்? கேள்வி கேட்டால் விடை வர எவ்வளவு நேரம்? ஒரே சமயத்தில் எத்தனை பேர் கேட்பார்கள்? விற்க வந்தவரிடம் முதல் கேள்வியை நான் கேட்டேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்றார். நெஃப்டின் அரைமணியில் பாதி.

இத்தகைய வேலைக்கென்றே தனித் தரவுத்தளங்கள் உண்டு. ரஷ்யத் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸ் தன் இணையதள வருகைக் கணக்குக்காக உருவாக்கி 2016இல் பொதுவில் திறந்துவிட்ட கிளிக்ஹவுஸ், லிங்க்ட்இன்னில் பிறந்த பினோ, விளம்பரக் கணக்குக்காகத் தொடங்கிய துரூயிட் ஆகியவை கோடிக்கணக்கான பதிவுகளை நிரல்வாரியாகச் சேமித்து வைத்து நொடியில் கூட்டிச் சொல்பவை. (நிரல் என்றால் இங்கே பள்ளிக் கணக்குப் பாடத்தில் வரும் நிரை–நிரலில் உள்ள நிரல். கணினிக்காரர்கள் அதே சொல்லைக் கட்டளைத்தொகுப்புக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வழக்கை இன்னொரு நாள் பேசுவேன்.) வேடிக்கை என்னவென்றால், 'உடனுக்குடன்' என்று பேர்பெற்ற கிளிக்ஹவுஸே பதிவுகளை ஒவ்வொன்றாகப் போடாதீர்கள், ஒரு தடவைக்குக் குறைந்தது ஆயிரமாவது சேர்த்துப் போடுங்கள் என்று அறிவுரை சொல்கிறது.

பெரியப்பா கடையில் நாளைக்கு நாலாயிரம் பில், பில்லுக்கு ஐந்து உருப்படி என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 73 லட்சம் வரிகள்தான். பலரும் அன்றாடம் பயன்படுத்தும் சாதாரண போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமே, தேடுவதைச் சட்டென்று எடுத்துத் தரும் சரியான சுட்டுவரிசைகள் ('இண்டெக்ஸ்') இருந்தால், இதைத் தாங்கும். பில் போடும் அதே தளத்தில் கேட்டால் ஒரு விநாடிகூடப் பழையதாகாத கணக்கு கிடைக்கும். மாலைக் கூட்டத்தில் பில் போடுவது தடைபடும் என்று பயந்தால் அதற்கு ஒரு நகலை ஓடவிட்டு அதில் கேட்கலாம். நகல் சற்றே பின்தங்கும், அவ்வளவுதான். அவர் அதைத்தான் செய்தார்.

மனம் கேளாமல் அந்த நிறுவனத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். உடனே நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. பிழையைத் திருத்திய புதிய கையேடும் கூடவே வந்தது. அதன் அட்டையில் 'நிஜ நேர வணிகப் பகுப்பாய்வு' என்று போட்டிருந்தார்கள்.