தட்டில் முளைக்கும் வெந்தயம்: நாற்காலியில் இருந்தபடியே ஒரு கீரைத் தோட்டம்

முழங்கால் தேய்ந்தவர்களுக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை மட்டுமே சரியாக இயங்குபவர்களுக்கும் டி.வி.யும் பேப்பரும் போதும் என்று வீட்டில் எளிதாக முடிவுசெய்துவிடுகிறார்கள். மண்ணில் வேலை செய்து பழகிய கைகளுக்கு அது போதாது. குனிய முடியவில்லை, தொட்டியைத் தூக்க முடியவில்லை என்பதற்காகத் தோட்டத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தட்டில் வெந்தயம் விதைத்தால் எட்டு முதல் பத்து நாளில் கீரை அறுக்கலாம். அந்த நாள்களில் செடி செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலேயே நடந்து முடிபவை. காலையில் போய் இரவில் வீடு திரும்புகிறவர் கண்ணில் அவை படாது. பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்தான் அவற்றைப் பார்க்க முடியும்.

முதலில் மேசை. சக்கர நாற்காலி உள்ளே நுழைய மேசைக்கு அடியில் தரையிலிருந்து குறைந்தது 69 செ.மீ. இடைவெளி வேண்டும். மேற்பரப்பு 71 முதல் 76 செ.மீ. உயரத்தில் இருந்தால் முழங்கை தோராயமாகச் செங்கோணத்தில் மடங்கும், தோள் வலிக்காது. தட்டு, தண்ணீர், கத்தரிக்கோல் எல்லாமே மேசை விளிம்பிலிருந்து 35 செ.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் எட்டினால் உடல் முன்னால் சாயும். இடுப்புக்கும் சிரமம், நாற்காலியிலிருந்து வழுக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

தட்டுக்கு இனிப்புக் கடை பிளாஸ்டிக் டப்பாவே போதும். அடியில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டு, துளையில்லாத இன்னொரு தட்டுக்குள் வைக்க வேண்டும். மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள். நர்சரிகளில் கிடைக்கும் 650 கிராம் கட்டி, மூன்று நான்கு லிட்டர் தண்ணீரில் ஊறி எட்டு லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். நார்த்தூளில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் தங்கியிருப்பதால் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு வேரிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். முளையின் நுனி பழுப்பாகிக் கருகும், பலரும் அதைத் தண்ணீர்க் குறைவு என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள். இந்த வேலையை மட்டும் வீட்டில் வேறு யாராவது செய்து கொடுக்கலாம். தட்டில் மூன்று செ.மீ. உயரம் நார்த்தூள் போட்டால், ஈரத்தோடு சேர்த்தே ஒரு கிலோவைத் தாண்டாது.

இந்த அளவுத் தட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி வெந்தயம், ஏறத்தாழ 11 கிராம், போதும். மளிகைக் கடை வெந்தயமாக இருக்கட்டும். விவசாய விதைக் கடையில் இளஞ்சிவப்பு, பச்சை எனச் சாயம் ஏற்றிய விதைகள் பூஞ்சைக்கொல்லி பூசியவை. வாரக்கணக்கில் மண்ணில் வளரும் பயிருக்கு அது சரி, பத்து நாளில் தின்னும் கீரைக்கு ஆகாது. மளிகைக் கடைச் சரக்கு எவ்வளவு பழையது என்று தெரியாது. 20 விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். மூன்று நாளில் 16-க்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பொட்டலத்தைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளலாம்.

இரவு எட்டு மணி நேரம் ஊறியதும் வெந்தயம் வழவழப்பாகும். அந்த வழவழப்பு கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலி. விதைக்குள் இருக்கும் கருவைச் சுற்றி உறைபோல அமைந்து, குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைத்த பிறகு அதுவே உடைந்து கருவுக்கு உணவாகும். வறட்சிக்குப் பழகிய செடி தன் விதைக்குள்ளேயே வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி அது. ஆனால் தட்டில் விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் அதே வழவழப்பு காற்றை அடைத்துவிடும். முளைக்கும் விதை வேகமாக மூச்சுவிடும், ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் அழுகி நாறும். அதனால் ஊறியதை இரண்டு மூன்று முறை அலசி, வடிகட்டியில் கால் மணி நேரம் வைத்துவிட்டு, ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும்.

கை நடுங்குபவர்கள் ஊறிய விதையை அகலமான கரண்டியில் எடுத்துத் தட்டில் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் பரப்பிவிடலாம். மேலே மண் போட்டு மூட வேண்டியதில்லை. கடுகு விதைப்பதானால் ஊற வைக்கக் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி கடுகை உலர்ந்த மணலோடு கலந்து, உப்புத் தூவும் குப்பியில் போட்டுத் தூவலாம். வயல்களில் கீரை விதையை மணல் கலந்து தூவுவதும் இதற்காகத்தான், விதை சீராக விழும். பார்வை மங்கியவர்களுக்கு ஒரு வசதி: நார்த்தூள்மேல் நனைத்த வெள்ளை டிஷ்யூ தாளை விரித்து அதன்மேல் விதைத்தால் கருங்கடுகும் பளிச்சென்று தெரியும். வேர் தாளைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும்.

விதைத்த தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அரைக் கிலோ அளவுக்கு ஏதாவது பாரம் வைத்து இரண்டு நாள் இருட்டில் விட வேண்டும். பாரம் எதற்கு? 1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற அறிவியலாளர், விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயு கலந்த காற்றில் பட்டாணி முளைகள் குட்டையாக, தடித்து, வளைந்து வளர்வதைக் கவனித்தார். காரணம் அந்த வாயுவில் இருந்த எத்திலீன். மேலே மண் அழுத்தும்போது முளை அதே எத்திலீனைத் தானே உண்டாக்கித் தண்டைத் தடிக்கவைத்துக்கொள்கிறது, மண்ணை முட்டித் தள்ள அது உதவும். நாம் வைக்கும் பாரம் அந்த மண்ணுக்குப் பதில். பாரம் இல்லாத தட்டில் தண்டு நூலாக நீண்டு மூன்றாம் நாளே சாய்ந்துவிடும்.

மூன்றாம் நாள் காலையில் மூடியை எடுத்ததும் முளைகள் மஞ்சளாக, தலை குனிந்து கொக்கியாக இருக்கும். இலைகளில் பச்சையத்தின் முந்தைய வடிவம் தயாராக இருக்கிறது. அது பச்சையமாக மாறும் கடைசிப் படிக்கு வெளிச்சம் வேண்டும். காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு மணி நேரமும் பாருங்கள். கொக்கி நிமிரும், மஞ்சள் மங்கி, மாலைக்குள் பச்சை ஏறிவிடும். மறுநாள் எல்லா முளையும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும்போது தட்டை அப்படியே திருப்பி வையுங்கள். சில மணி நேரத்தில் நிமிர்ந்து, மறுபடி ஜன்னலை நோக்கித் திரும்பத் தொடங்கும். நிழல் விழும் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கூடுதலாகச் சேர்ந்து அந்தப் பக்கம் வேகமாக நீள்வதால் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளைகளின் நுனியில் தொப்பி மாட்டி, வெளிச்சத்தை உணர்வது நுனியே, வளைவது அதற்குக் கீழே என்று 1880-இல் எழுதினார்கள். புல் இனமான கோதுமையை வேறு தட்டில் விதைத்து, முளைத்த இரண்டாம் நாள், பேரப்பிள்ளைகளின் சிறு விரல்களைக் கொண்டு அரை செ.மீ. அலுமினியத் தாள் தொப்பி மாட்டச் சொன்னால் அதே சோதனையை வீட்டில் செய்யலாம். தொப்பி போட்டது நேராக நிற்கும், பக்கத்தில் உள்ளது வளையும்.

தண்ணீரை மேலிருந்து தெளிக்க வேண்டாம். மூட்டு வலி உள்ள விரலுக்கு ஸ்ப்ரே பாட்டிலின் விசை பெரும் தொல்லை, ஈரத் தண்டு பூஞ்சைக்கும் வழிவிடும். கீழ்த்தட்டில் டம்ளரால் 100 மி.லி. ஊற்றி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தை வடித்துவிட்டால் போதும், நார்த்தூள் தானே உறிஞ்சிக்கொள்ளும். அது கரும்பழுப்பாக இருக்கும்வரை ஈரம் இருக்கிறது, வெளிர்ப் பழுப்பானால் மறுபடி ஊற்றலாம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் பலர் தட்டையே கொட்டிவிடுகிறார்கள். கொட்டுவதற்கு முன் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பஞ்சு வேரோடு படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி என்ற வேரின் நுண்மயிர், செடி நலமாக இருக்கிறது. ஒட்டடைபோல ஒரு தண்டிலிருந்து இன்னொன்றுக்குப் படர்ந்து, தண்ணீர் விட்டாலும் மறையாமல், முடைநாற்றம் அடித்தால் அது பூஞ்சை. தண்டு அடியில் கிள்ளியதுபோல மெலிந்து திடீரென விழுந்தால் நாற்றழுகல். அதை உண்டாக்கும் பித்தியம் போன்ற உயிரிகளின் வித்துகள் தண்ணீரில் நீந்தியே பரவுகின்றன, அதனால் தேங்கிய தண்ணீர்தான் முதல் எதிரி. பூஞ்சையோ நாற்றழுகலோ வந்த தட்டில் மிஞ்சியதைக் காப்பாற்ற முயல வேண்டாம். எல்லாவற்றையும் எறிந்து, தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவிட்டு, அடுத்த முறை விதையைக் குறைத்து விதையுங்கள்.

விதையிலைகளுக்கு நடுவே முதல் நிஜ இலை விரிந்ததும் அறுவடை. வளையத்தில் விரல் நுழைக்கும் கத்தரியைவிட, தையற்காரர்கள் நூல் வெட்டும் சிறு கத்தரி நல்லது. அழுத்தினால் வெட்டும், விட்டால் தானே திறக்கும். ஒரு செ.மீ. விட்டு மேலே வெட்ட வேண்டும். வளர்நுனி கீரையோடு போய்விடுவதால் மறுபடி துளிர்க்காது.

சாப்பிடுவதில் ஒரு கண்டிப்பு தேவை. ஈரமும் கதகதப்பும் விதைக்கு மட்டுமல்ல, பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் வழியாகப் பரவிய ஈ.கோலை பாக்டீரியா தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முளைகட்டியதை வேரோடு உண்பதைவிட வெட்டிய கீரையில் ஆபத்து குறைவு. ஆனாலும் முதியவர்களுக்கு நோய் எதிர்ப்பு குறைந்திருப்பதால் பச்சையாக வேண்டாம், பாசிப்பருப்புக் கூட்டில் நன்றாக வேகவிட்டுச் சாப்பிடட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். மருத்துவரிடம் கேட்டு, வாரம்தோறும் ஒரே அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

அக்னி நட்சத்திர வெயிலில் வெந்தயம் சரிவராது, குளிர்ந்த பருவத்துச் செடி அது. அந்த நாள்களில் பச்சைப்பயறு அல்லது தண்டுக்கீரை போடலாம். மற்ற நாள்களில் ஒரே தட்டோடு நிற்க வேண்டாம். மூன்று நாள் இடைவெளியில் மூன்று தட்டு போட்டால், ஒன்று இருட்டில் கொக்கியாக, ஒன்று ஜன்னலை நோக்கிச் சாய்ந்து, ஒன்று கத்தரிக்குத் தயாராக, எந்த நாளும் மேசையில் வேலை இருந்துகொண்டே இருக்கும்.