ஷ்டாண்டெஸ்அம்ட்: ஆளின் நிலையை எழுதிவைக்கும் இடம்

ஜெர்மனியில் வாழ்ந்த மூதாதையரைத் தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ‘ஷ்டாண்டெஸ்அம்ட்’. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிகிற உள்ளூர் அலுவலகம் அது.

‘ஷ்டாண்ட்’, ‘அம்ட்’ என்ற இரண்டு சொற்களின் கூட்டு இது. குருமார், பிரபுக்கள் என்று சமூகத்தை அடுக்காகப் பிரித்த காலத்தில் அந்த அடுக்குக்கும் ‘ஷ்டாண்ட்’ என்றுதான் பெயர். அதை நம்பி ‘அந்தஸ்து அலுவலகம்’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும். இங்கே அது சட்டத்தின் முன் ஓர் ஆளின் நிலை: யாருக்குப் பிறந்தார், மணமானவரா, இறந்துவிட்டாரா. நிற்பதைக் குறிக்கும் வினையோடு உறவுள்ள சொல். நம் ‘நில்’லிலிருந்து ‘நிலை’ வந்ததைப் போலவேதான்! ‘அம்ட்’ ஊழியம் என்ற பொருளிலிருந்து அலுவலகமாக வளர்ந்த சொல்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பதிவாளர் அலுவலகம்’ என்றால் தமிழ்நாட்டில் நிலப் பத்திரம்தான் நினைவுக்கு வரும். இலங்கையின் ‘பிறப்பு, விவாக, இறப்புப் பதிவாளர்’ வேலையளவில் நெருங்கி வருகிறார். சொல்லின் வேரும் தெரிய வேண்டும் என்றால் ‘ஆள்நிலைப் பதிவகம்’ என்பதே என் தேர்வு.

இந்தப் பதிவு அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 அன்றும், ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் 1876 ஜனவரி 1 அன்றும் தொடங்கியது. ரைன் நதியின் மேற்குக் கரை போன்ற சில இடங்களில் பிரெஞ்சு ஆட்சியால் முன்பே வந்துவிட்டது. மற்ற இடங்களில் அதற்கு முந்தியவர்களைத் தேவாலயப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். அங்கே பிறப்புக்கும் இறப்புக்கும் பதிலாக முக்கியமாக எழுதப்பட்டவை ஞானஸ்நானமும் அடக்கமும். அந்தத் தேதியைப் பிறந்த தேதி, இறந்த தேதி என்று குறித்துக்கொண்டு பலர் தடுமாறுகிறார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே பழைய ஏடு கிடையாது. ஊர் தெரிந்தால்தான் வழி திறக்கும். பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளும், திருமணப் பதிவு 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவு 30 ஆண்டுகளும் பதிவகத்தில் இருக்கும். அப்புறம் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். இன்று ஜெர்மனியில் இல்லாத கிழக்குப் பகுதிகளிலிருந்து தப்பிய ஏடுகள் பல, பெர்லினின் முதலாம் ஷ்டாண்டெஸ்அம்ட்டில் சேர்ந்தன; அவற்றிலும் இந்தக் காலவரம்பைத் தாண்டியவை பெர்லின் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும்.

நகல் கேட்கும்போது ஓரக் குறிப்புகளோடு முழுப் பக்கத்தையும் கேளுங்கள். பிறப்புப் பதிவின் ஓரத்தில் அவருடைய திருமணமும் இறப்பும் எந்த ஊரில் பதிவாயின என்று பின்னாளில் யாரோ எழுதிவைத்திருக்கலாம்.